எந்த ஆண்டு வீடியோ?

பிஎச்பி படிக்க நல்ல பாடம் தேடி அலையவேண்டாம், முதலில் கண்ணில் படும் வீடியோவே போதும் என்கிறார் நண்பர். அது எந்த ஆண்டு வீடியோ என்று அவர் கேட்கவே இல்லை. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7, பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை அடியோடு நீக்கிவிட்டது. அவற்றைச் சொல்லித்தரும் பாடங்கள் மட்டும் இன்னும் உலவுகின்றன. பார்த்து அடித்து ஓட்டினால் எர்ரர். படிக்கிற பிள்ளை தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

எர்ரர் வந்தால்கூடப் பரவாயில்லை. பயனர் தட்டியதை அப்படியே எஸ்கியூஎல் வரியில் ஒட்டும் நிரலும், பாஸ்வேர்டை எம்டி5-இல் போட்டு வைக்கும் நிரலும் சத்தமில்லாமல் ஓடும், திருடனுக்குக் கதவைத் திறந்துவைத்தபடி. பாஸ்வேர்டுக்கென்றே தனி ஃபங்ஷன் 2013-இல், 5.5 பதிப்பிலேயே வந்தாயிற்று.

அதிகாரபூர்வக் கையேடு வறட்சியாம். வறட்சிதான், யார் இல்லையென்றது? ஆனால் ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்தெந்தப் பதிப்பில் உண்டு என்பதை அதன் தலையிலேயே போட்டிருக்கிறார்கள். (அடியில் வாசகர்கள் எழுதிய குறிப்புகளில் பல அரதப்பழசு, பார்த்து எடுங்கள்.) வீடியோவும் பார்க்கட்டும். அந்தப் பழைய ஃபங்ஷன்களுக்குப் பதிலான பிடிஓவும், பயனர் தட்டியதை எஸ்கியூஎல் வரியில் ஒட்டாமல் தனியே அனுப்பும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டும் அதில் வருகின்றனவா என்று முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு உட்காரட்டும்.