ஒரு கல்தானே!

வருகிற ஜனவரியில் நம் சங்கத்தின் சார்பில் மறுபடியும் அந்தமான் சுற்றுலா ஏற்பாடாகி வருவதாகச் சென்ற இதழில் அறிவிப்பு வந்திருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அங்கே இரண்டு முறை போய் வந்தவன் என்ற முறையிலும், இரண்டு முறையும் தவறு செய்துவிட்டு வந்தவன் என்ற முறையிலும் சில வார்த்தைகள் சொல்ல ஆசிரியரின் அனுமதியை வேண்டுகிறேன்.

முதல் முறை போனது 1996ல். எல்.டி.சி. எடுத்துக்கொண்டு நாகபுரியிலிருந்து சென்னை போய், அங்கிருந்து மூன்று நாள் கப்பல் பிரயாணம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். போர்ட் பிளேருக்கு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) அருகே வண்டூர் என்ற இடத்திலிருந்து படகில் ஜாலி பாய் தீவுக்கு அழைத்துப் போனார்கள். தரையில் கண்ணாடி பதித்த படகு. கீழே பார்த்தால் வேறு ஓர் உலகம்! பிள்ளைகள் இருவரும் மூச்சு விட மறந்து பார்த்தார்கள்.

கரையில் காலிஃபிளவர் பூ அளவில் வெள்ளையாக ஒரு பவளத் துண்டு கிடந்தது. துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக்கொண்டேன். மனைவி, 'எடுக்கலாமா?' என்று கேட்டாள். 'ஒரு கல்தானே' என்றேன். அன்று முதல் அது எங்கள் வீட்டு ஷோகேஸில், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். இந்த இதழைப் படிப்பவர்களில் பலரும் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள்.

போன கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி அதைப் பார்த்து, "தாத்தா, இது எப்போ செத்துப் போச்சு?" என்றாள்.

"கல்லும்மா அது" என்றேன்.

"கல் இல்ல தாத்தா, எலும்பு. எங்க மிஸ் சொல்லியிருக்காங்க."

அவள் மிஸ் சொன்னதுதான் சரி. பவளம் என்பது லட்சக்கணக்கான மிகச் சிறிய பிராணிகள் கூடி வாழும் குடியிருப்பு. கடல்நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்கென்று ஒரு கூடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிகள்தாம் அவற்றுக்குப் பெரும்பாலான உணவையும் நிறத்தையும் கொடுக்கின்றன. உருண்டையாக வளரும் பவளங்கள் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நம் தலை அளவு ஒரு பவளம் உருவாக ஒரு மனிதன் பிறந்து, படித்து, உத்தியோகம் பார்க்கத் தொடங்கும் காலம் ஆகிவிடும். செத்துக் கரையில் ஒதுங்கியது கூட வீணாவதில்லை. அது பொடிந்து மணலாகிக் கரையைக் காக்கிறது. நாம் கால் புதைய நடந்து மகிழும் வெண்மணலில் பெரும் பங்கு இப்படி வந்ததுதான்.

நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன். தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர், ஸ்லீப்பருக்கு அடியில் ஏறக்குறைய ஓர் அடி கனத்துக்குக் கருங்கல் ஜல்லி. வண்டியின் பாரத்தைப் பரப்பி மண்ணுக்குக் கொடுப்பதும், மழைத் தண்ணீரை வடிப்பதும், பாதையை அசையாமல் பிடித்து வைப்பதும் அந்த ஜல்லிதான். லெவல் கிராசிங் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அதில் ஆளுக்கு ஒரு கூடை அள்ளிக்கொண்டு போவார்கள். வாசலில் சேற்றுக்குப் போட ஒருவர், மாட்டுக் கொட்டகைக்கு ஒருவர். பிடித்துக் கேட்டால், 'என்ன சார், கல்தானே!' என்பார்கள். எத்தனை பேரிடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்! அதே வார்த்தையைத்தான் ஜாலி பாய் கரையில் நின்று என் மனைவியிடம் நான் சொல்லியிருக்கிறேன். பவளப் பாறைகளும் தீவுக்கு ஜல்லி மாதிரிதான். திறந்த கடலிலிருந்து வரும் அலையின் வேகத்தை அவைதாம் முதலில் வாங்கிக்கொள்கின்றன. மீன்கள் குஞ்சு வளர்ப்பதும் அங்கேதான்.

இப்போது சட்டமும் கடுமையாக இருக்கிறது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலி இருக்கும் அதே அட்டவணையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுத்துவிடுகிறார்கள், வழக்கும் வரலாம். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுப்பது அதற்கு முன்பும் குற்றம்தான். ஆகவே 1996ல் சட்டம் இல்லை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது முறை, 2023ல், நம் சங்கத்தாரோடு போனேன். ஹேவ்லாக் தீவில், அதாவது 2018ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய தீவில், முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக் குழாயுமாகக் கடலில் மிதந்து பார்க்கும் விளையாட்டுக்கு இறங்கினோம். அறுபதைத் தாண்டிய நாங்கள் ஏழெட்டுப் பேர் குழந்தைகள் போலக் கும்மாளமிட்டதை மறைப்பானேன்? நீச்சல் தெரியாதவரும் மிதவை உடையோடு பார்க்கலாம் என்பது பெரிய சௌகரியம். பவளத்தைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்களை முழ தூரத்தில் பார்த்தேன்.

ஆனால் பத்து நிமிஷத்தில் எனக்கு மூச்சு வாங்கிற்று. கால் தட்டுப்பட்ட இடத்தில் எழுந்து நின்றேன். காலடியில் 'நறுக்' என்று ஏதோ ஒடிந்தது. கூட வந்த வழிகாட்டி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் அங்கே போன குடும்பத்துப் பையன், ஓடி வந்து என்னைத் தூக்கி மிதக்க விட்டான். "நிக்காதீங்க சார், பவளம். களைச்சா இந்த வளையத்தைப் பிடிச்சுக்குங்க" என்றான். திரும்பிப் பார்த்தால் நம் குழுவில் இன்னும் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் போட்டோவுக்காக! நான் ஒடித்தது விரல் நீளக் கிளை. 'ஒரு கிளைதானே' என்று அப்போதும் மனசு சொல்லத்தான் செய்தது.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துவது. பாராடாங் தீவில் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கப் போனோம். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசை கட்டி, போலீஸ் காவலோடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியே விடுகிறார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறது. எங்கள் வண்டியில் என்ன பேச்சு தெரியுமா? 'இந்தப் பக்கம் தெரியும்', 'அந்தப் பக்கம் பார்', 'போன தடவை இரண்டு பேரைப் பார்த்தோம்' என்று. தடோபாவில் புலி தேடும்போது பேசுகிற அதே பேச்சு! ஓரிடத்தில் ஒரு தாயும் குழந்தையும் பாதையோரம் நின்றார்கள். நம் நண்பர் ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டார். ஓட்டுநர் போட்ட சத்தத்தில் உள்ளே வைத்துக்கொண்டார். நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தவன்தான். குகையைப் பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் அது பொய்.

ஜாரவா மக்கள் 2011 கணக்கெடுப்பில் 380 பேர். நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அதைவிட அதிகம் பேர் வருகிறார்கள். வெளியாரோடு பழக்கம் ஏற்பட்டு ஓரிரு வருஷத்திலேயே, 1999ல், அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. நமக்குச் சாதாரணமான காய்ச்சல், அதை அறியாத உடம்புக்கு எமன். அந்தக் காட்டுப் பகுதியில் சாலையை மூடும்படி 2002ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, மூடப்படவில்லை. 2012ல் உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆட வைத்த படக்காட்சி வெளியாகி உலகமே நம்மைப் பார்த்துக் காறித் துப்பிற்று. பாராடாங்குக்குக் கடல் வழியும் 2017ல் தொடங்கி வைக்கப்பட்டது. அப்படியிருக்க நாம் ஏன் அந்தக் காட்டு வழியே போக வேண்டும்?

இதையெல்லாம் செயற்குழுவில் சொன்னேன். ஒரு நண்பர் நியாயமாகவே மறுத்தார். "கடல் சூடானதால்தான் பவளம் வெளுத்துச் சாகிறது என்று பேப்பரில் வருகிறது. நாற்பது பேர் கால் வைத்ததாலா தீவு அழியப் போகிறது?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. தண்ணீர் வழக்கத்துக்கு மேல் ஓரிரு டிகிரி சூடாகிச் சில வாரம் நீடித்தால், பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறமும் போகிறது, உணவும் போகிறது. 1998லும் 2010லும் 2016லும் அந்தமான் கடலில் இப்படி நேர்ந்தது. அதோடு ஒப்பிட்டால் நம் கால் சிறியதுதான்.

ஆனால் ரயில்வேயில் என்ன செய்வோம்? வெள்ளத்தில் பாலத்துத் தூணின் அடியில் மண் அரித்துவிட்டால் உடனே வேகக் கட்டுப்பாடு போடுவோம். எக்ஸ்பிரஸ் ஆனாலும் சரி, ஊர்ந்துதான் போக வேண்டும். 'மண்ணை அரித்தது வெள்ளம், ரயில் இல்லையே. முழு வேகத்தில் விடு' என்று எந்த இஞ்சினியராவது சொல்வாரா? தூண் பலவீனமாக இருக்கும்போதுதான் வண்டி மெதுவாகப் போக வேண்டும். வெளுத்த பவளம் மீண்டும் உயிர் பெற வழி உண்டு. அதற்குச் சில வருஷங்கள் தொந்தரவில்லாமல் விட வேண்டும்.

மேலும் நாற்பது பேர் என்பது நம் கணக்கு. தீவின் கணக்கு வேறு. 2019ல் அங்கே போன சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அந்த யூனியன் பிரதேசத்தின் மொத்த மக்கள் தொகையே 2011ல் 3.8 லட்சம்தான். 5 லட்சம் பேரும் 'ஒன்றுதானே' என்று நினைத்தால்?

இன்னொரு நண்பர், இப்படியெல்லாம் சொன்னால் படகுக்காரர்கள் பிழைப்பு என்ன ஆகும் என்றார். நான் அந்த ராமநாதபுரத்துப் பையனிடமே கேட்டிருக்கிறேன். "பவளம் இருந்தாத்தான் சார் நீங்க வருவீங்க. நீங்க வந்தாத்தான் எங்களுக்குச் சோறு" என்றான். போகாதீர்கள் என்று அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நிற்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

கட்டுப்பாடு போட்டால் சுற்றுலாவின் ருசி கெட்டுவிடும் என்பதும் உண்மை இல்லை. ஜாலி பாய் தீவுக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். கரையிலேயே பையைப் பார்க்கிறார்கள். ஜாலி பாய் திறந்திருக்கும் மாதங்களில் ரெட் ஸ்கின் தீவை மூடுகிறார்கள். அது திறந்தால் இதை மூடுகிறார்கள். நாங்கள் தண்டவாள வேலைக்கு லைன் பிளாக் எடுப்பது போல! நான் பார்த்தவற்றில் மிகச் சுத்தமான கரை அதுதான். நம் ஊருக்குப் பக்கத்தில் தடோபாவிலும் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு உண்டு, வண்டியை விட்டு இறங்கக் கூடாது. யாராவது கோபித்துக்கொண்டு போகாமல் இருக்கிறோமா?

ஆகவே என் வேண்டுகோள் இது. ஜனவரிப் பயணத்தில் ஜாரவா காட்டு வழியாகப் பாராடாங் போவதை விட்டுவிடுவோம். கடல் வழியில் படகு கிடைத்தால் போவோம். கிடைக்காவிட்டால் அந்த நாளைச் சிடியா டாப்புவில் கழிப்போம். மாலை வெளிச்சத்தில் பறவைகள் கூடு திரும்புவதை அங்கே பார்க்கலாம். ஜனவரியில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும், ஆகவே மதியமே கிளம்ப வேண்டும். மவுண்ட் ஹாரியட்டுக்கும் (2021 முதல் மவுண்ட் மணிப்பூர்) போகலாம். பழைய சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டின் பின்புறம் தென்னையும் கடலுமாக ஒரு காட்சி இருக்குமே, அது அங்கிருந்து தெரிவதுதான்.

கடலில் இறங்குபவர்கள் எல்லோரும் மிதவை உடை போட்டுக்கொள்வோம். நிற்க வேண்டுமானால் மணலில் மட்டும் நிற்போம். வெயிலுக்குக் களிம்பு பூசுவதற்குப் பதில் முழுக்கைச் சட்டை போதும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் முழங்கால் நனைக்கவும் வேண்டாம். 2010ல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பெண் கடலிலேயே முதலைக்குப் பலியானார். ராஸ் தீவில் மான்கள் கைக்கு அருகில் வரும்; முறுக்கும் பிஸ்கட்டும் நமக்கு மட்டும். சிப்பி, சங்கு, பவளம் எதையும் பொறுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

கிளம்புமுன் நடக்கும் கூட்டத்துக்கு என் ஷோகேஸ் பவளத்தைக் கொண்டு வருகிறேன். எல்லோரும் ஒரு முறை பார்த்த பிறகு அதை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவதாக இருக்கிறேன். அங்கே என்ன கேட்பார்களோ, என்ன எழுதித் தரச் சொல்வார்களோ! கேட்கட்டும். பேத்திக்குப் பதில் சொல்வதைவிட அது சுலபம்தான்.

நான் சொன்னதை ஏற்காதவர்கள் அந்தக் கூட்டத்துக்கு அவசியம் வர வேண்டும்.