பெரியம்மா முகம் எங்கே?

‘‘ஏண்டா, டி.வி.டி.யில எல்லாரும் இருக்காங்க. உங்க பெரியம்மாவுக்கு மட்டும் மூஞ்சியைக் காணோமே?’’

கும்பகோணத்திலிருந்து பெரியப்பா போன். என் தங்கை கல்யாண வீடியோவை டி.வி.டி.யாக்கி அனுப்பிய மறுநாள். அந்தக் கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போன ஆறாம் மாதம் பெரியம்மா காலமாகிவிட்டார். அவர் நடமாடுவதைப் பார்க்க வேறு வீடியோ கிடையாது. பெரியப்பாவுக்கு செல்போனில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் இரண்டும்தான் பழக்கம். சினிமா, கச்சேரி எல்லாம் 2009-ல் வாங்கிய டி.வி.டி. பிளேயரில்தான்.

என்னிடமிருந்த இன்னொரு காப்பியைப் போட்டுப் பார்த்தேன். பகீரென்றது. பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா முகம் சதுரம் சதுரமாக, மொசைக் தரை மாதிரி இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. மணமக்கள் மேல் போட்ட அட்சதை, போட்டவர் கைக்கே திரும்பிப் போய் மறுபடி விழுந்தது!

அடியேன் பி.காம். பாஸ் செய்தவன். அன்று ராத்திரி பேப்பர், பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஹெச்.டி. படம் 1920-க்கு 1080 புள்ளி. நம் ஊர் டி.வி.டி. 720-க்கு 576. பெருக்கி வகுத்தால் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. அதாவது ஐந்து ரூபாய்க்கு நாலு ரூபாய் வரியிலேயே போய்விடும். இதை எந்தக் கொம்பனாலும் தடுக்க முடியாது. மிச்சமுள்ள ஒரு ரூபாயை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் விஷயம். நான் ஊதாரித்தனமாகச் செலவழித்திருந்தேன்.

சாதாரண டிஸ்க் ஒன்றில் 4.7 ஜி.பி. தான் கொள்ளும். கல்யாணம் மூணு மணி இருபது நிமிஷம். அத்தனையையும் ஒரே டிஸ்கில் திணித்தால் ஒரு செகண்டுக்கு 3.1 மெகாபிட். அதில் ஒலியைச் சுருக்காமல் அப்படியே விட்டிருந்தேன். நாதஸ்வரமே 1.5-ஐச் சாப்பிட்டுவிட்டது! படத்துக்குக் கிடைத்தது பாதிதான். மாசக் கடைசியில் நம் பர்ஸ் இருக்குமே, அந்த நிலைமை. பெரியம்மா முகம் அதில்தான் போயிற்று.

போதாததற்கு, செல்போனில் பார்ப்பதற்காக ஏற்கெனவே சுருக்கி வைத்திருந்த காப்பியை எடுத்து மறுபடி சுருக்கியிருக்கிறேன். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் என்ன வரும்? வீடியோக்காரரிடம் மூணு தடவை நடந்து ஒரிஜினல் ஃபைலை வாங்கினேன். (மூணாவது தடவை காபி கொடுத்தார்.)

அட்சதை மர்மமும் விளங்கியது. டி.வி.டி.யில் ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு தவணையாகக் காட்டுவார்கள். எது முதலில் என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் ஆட்கள் முன்னே போய், பின்னே வந்து, தள்ளாடுவார்கள். ஹெச்.டி.யில் பெரும்பாலும் மேல் கோடு முதல். நான் கீழ் கோடு என்று டிக் அடித்திருந்தேன்.

இந்த முறை டிஸ்க் இரண்டு. ஒன்றுக்கு நூறு நிமிஷம். ஒலியை டால்பியில் சுருக்கியதும் படத்துக்கு 6 மெகாபிட் கிடைத்தது. சாஃப்ட்வேரில் ‘டூ பாஸ்’ என்று ஒன்று இருக்கும். தயவுசெய்து அதைப் போடுங்கள். முதல் தடவை படம் முழுக்கப் பார்த்து, எங்கே கூட்டம், எங்கே சும்மா மேடை என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் தடவை தேவைப்படுகிற இடத்தில் தாராளமாகச் செலவழிக்கும். ராத்திரி முழுக்க ஓடும், ஓடட்டும். அகலத்திரை என்று குறிக்கவும் மறக்கக் கூடாது. மறந்தால் மாப்பிள்ளை ஒல்லியாகிவிடுவார். (எங்கள் மாப்பிள்ளை சந்தோஷப்பட்டிருப்பார்.)

தீபாவளிக்கு டிஸ்கோடு கும்பகோணம் போனேன். பிளேயரிலிருந்து டி.வி.க்கு மஞ்சள் ஒயர் ஒன்றுதான் போயிருந்தது. பின்னால் ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை தூசியோடு காத்திருந்தது. ஒயர் வாங்கி வந்து மாட்டினேன்.

பந்தி வந்தது. பெரியம்மா. மூக்குத்தி தெரிந்தது. எதிரே பரிமாறுபவரிடம் கையை ஆட்டி ஏதோ சொல்கிறார். நாதஸ்வர சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரிமோட்டில் பின்னால் போய், மறுபடி பார்த்தார். மறுபடியும்.

‘‘என்ன சொல்றாங்க பெரியப்பா?’’

‘‘என்னைத்தாண்டா. ‘சுகர் இருக்கு, இவருக்கு ரெண்டாவது ஜாங்கிரி வைக்காதே’ங்கறா.’’

‘‘அப்புறம்?’’

‘‘அவ அந்தப் பக்கம் திரும்பினதும் வாங்கிட்டேன்’’ என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ‘‘அதையும் எடுத்திருக்கானா பாரு.’’