செல்போனில் வரும் கதை புத்தகம் ஆகுமா?

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கிறது புதுச்சத்திரம். நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. சுற்றிலும் கோழிப் பண்ணைகள். குச்சிக்கிழங்குக் காடுகள்.

அந்த ஊரில் கதை எழுதும் ஒரு மருமகள் இருக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். பகல் முழுவதும் அவளுக்கு வேலை. இரவில் குழந்தைகள் தூங்கிய பிறகு, செல்போனை எடுத்துக் கதை எழுதுகிறாள். ஓர் அத்தியாயம் முடிந்ததும் இணையத்தில் போட்டு விடுகிறாள். காலையில் பார்த்தால், நாற்பது பேர் படித்திருக்கிறார்கள். "அடுத்து என்ன ஆயிற்று?" என்று சிங்கப்பூரில் இருந்து ஒருவர் கேட்கிறார்!

அவளுக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் மனதில் ஓர் ஆசை. தன் கதை என்றாவது ஒரு நாள் புத்தகமாக வரவேண்டும். அட்டையில் தன் பெயர் இருக்க வேண்டும்.

ஆசையோடு ஒரு பயமும் இருக்கிறது. இலவசமாகப் படித்து முடித்த கதையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? யாராவது திருடிக் கொண்டால் என்ன செய்வது? பேசாமல் எழுதிப் பூட்டி வைத்து விடலாமா?

பூட்டி வைக்க வேண்டாம். கதையைத் தாராளமாக வெளியே விடலாம். ஆனால், உரிமையை மட்டும் கையை விட்டு விடக்கூடாது. இதுவே நாம் சொல்ல விரும்புவது.

ஆற்றில் போட இருந்த கதை

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர் ராசிபுரம். ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதி உலகப் புகழ் பெற்ற ஆர்.கே.நாராயண் பெயரில் இருக்கிறதே ஓர் "ஆர்", அது இந்த ராசிபுரம்தான். அது அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர்.

அவர் எழுதிய முதல் நாவல் "சுவாமியும் நண்பர்களும்". அந்தக் கைப்பிரதியை இங்கிலாந்தில் உள்ள பதிப்பாளர்கள் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். நாராயண் மனம் வெறுத்துப் போனார். ஆக்ஸ்போர்டில் படித்துக் கொண்டிருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார். "கைப்பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் போட்டு விடு" என்று கேட்டுக் கொண்டார்.

நண்பர் ஆற்றில் போடவில்லை. கிரகாம் கிரீன் என்ற எழுத்தாளரிடம் கொண்டு போய்க் கொடுத்தார். கிரீனுக்குக் கதை பிடித்து விட்டது. அவருடைய முயற்சியால் 1935ஆம் ஆண்டு நாவல் புத்தகமாக வெளிவந்தது.

அந்தக் கதையைக் காப்பாற்றியது எது? ஒரு நண்பர் அதை இன்னொருவருக்குப் படிக்கக் கொடுத்ததுதான்! பெட்டிக்குள் இருந்திருந்தால் அது செத்திருக்கும்.

நாமக்கல்லுக்கு அருகே காவிரிக் கரையில் இருக்கிறது மோகனூர். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோது அவர் எழுதிய நாவல் "மலைக்கள்ளன்". அது 1954ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். நடித்த படமாக வந்தது. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டே "ஆசாத்" என்ற பெயரில் இந்தியிலும் வந்தது. சிறைக்குள் எழுதிய கதை, சிறையைத் தாண்டி, மொழியையும் தாண்டிப் போயிற்று!

அன்று கையெழுத்து, இன்று செல்போன்

கதையைப் புத்தகம் ஆகும் முன்பே பலருக்குக் கொடுப்பது புதிய வழக்கம் அல்ல. முன்பு ஊருக்கு ஊர் இளைஞர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். அது வீடு வீடாகப் போகும். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் அபிப்பிராயம் எழுதுவார்கள். இன்று செல்போன் செய்வதும் அதே வேலைதான். அன்று ஒரு தெரு படித்தது. இன்று கடல் கடந்தும் படிக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏற்கனவே படித்த கதையை வாங்க மாட்டார்கள்" என்பதும் சரியல்ல. கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. வாரம் தவறாமல் படித்தவர்கள் ஏராளம். பிறகு புத்தகமாக வந்தபோது விற்காமல் போயிற்றா? இன்றும் விற்கிறதே!

இணையத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. எழுத்தாளர் ஜெயமோகன் மகாபாரதக் கதையை "வெண்முரசு" என்ற பெயரில் தமது இணையதளத்தில் எழுதினார். 2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி, 2020 ஜூலையில் முடித்தார். மொத்தம் 26 நாவல்கள். எல்லாவற்றையும் இலவசமாகவே படிக்கலாம். அப்படியும் அவை புத்தகங்களாக வந்தன. வாங்குகிறவர்களும் வாங்கினார்கள்.

அவர் முன்பே பெயர் பெற்றவர், அவருக்கு வாசகர்கள் இருந்தார்கள் என்று சொல்லலாம். பெயர் இல்லாதவர்களுக்கும் இடம் இருக்கிறது. பெங்களூரில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய "பிரதிலிபி" போன்ற தளங்களில், தமிழ் உள்பட பல இந்திய மொழிகளில் யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம். சிபாரிசு தேவை இல்லை. தபால் தலையும் தேவை இல்லை.

வாசகர்கள் திருத்திய கதை

அமெரிக்காவில் ஆண்டி வீர் என்பவர் கம்ப்யூட்டர் வேலை பார்த்து வந்தார். செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக் கொண்ட ஒருவனைப் பற்றி 2009ஆம் ஆண்டு ஒரு கதை எழுதத் தொடங்கினார். அத்தியாயம் அத்தியாயமாகத் தமது தளத்தில் இலவசமாக வெளியிட்டார்.

படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "இந்தக் கணக்குத் தவறு" என்று சுட்டிக் காட்டினார்கள். அவர் கோபப்படவில்லை. திருத்திக் கொண்டார். பிறகு, வாசகர்கள் கேட்டுக் கொண்டதால் 2011ஆம் ஆண்டு அதை மின்நூல் ஆக்கினார். விலை ஒரு டாலருக்கும் குறைவு. அது வேகமாக விற்பதைக் கண்டு பெரிய பதிப்பகம் தேடி வந்தது. 2014ஆம் ஆண்டு அச்சில் வந்தது. 2015ஆம் ஆண்டு சினிமாவாகவும் வந்தது. அதுதான் "தி மார்ஷியன்".

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. ஆனால், ஒரு பாடம் எல்லோருக்கும் உண்டு. "அருமை", "சூப்பர்" என்று நூறு பேர் சொல்வதைவிட, "இந்த இடம் நம்பும்படி இல்லை" என்று ஒருவர் சொல்வது அதிகம் உதவும். பாராட்டு சர்க்கரை. குறை சொல்வது மருந்து. சர்க்கரையை மட்டும் தின்றால் உடம்பு தேறாது.

உரிமை யாருக்கு?

இனி, பயத்துக்கு வருவோம். யாராவது திருடிக் கொண்டால்?

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. கதையைச் சொந்தமாக எழுதிய உடனேயே அதன் உரிமை எழுதியவருக்கு வந்து விடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. அந்த உரிமை எழுத்தாளரின் ஆயுள் முழுவதும் இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு இருக்கும். வீடு, நிலம் போல இதுவும் ஒரு சொத்து!

இந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வாய்ப் பேச்சு போதாது. எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்து வேண்டும். எத்தனை ஆண்டுகள் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக் கொள்கிறது.

ஆகவே, காட்டுப் பத்திரத்தை எப்படிப் படித்துப் பார்ப்போமோ, அப்படியே கதைப் பத்திரத்தையும் படிக்க வேண்டும். இணையதளத்தில் "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்தும் முன்பும் படிக்க வேண்டும். புத்தக உரிமை யாருக்கு? சினிமா உரிமை யாருக்கு? கதையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். புரியவில்லை என்றால், தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை.

கதை எழுதிய தேதியோடு ஒரு பிரதியை வீட்டில் வைத்திருப்பதும் நல்லது. செல்போன் தொலைந்தால் கதையும் தொலையக் கூடாது அல்லவா?

இன்னொன்றும் உண்டு. பத்திரிகைகளும் சிறுகதைப் போட்டி நடத்துகிறவர்களும், "எங்கும் வெளிவராத கதை வேண்டும்" என்று கேட்பது வழக்கம். இணையத்தில் வந்ததையும் வெளிவந்ததாகவே கொள்கிறவர்கள் உண்டு. போட்டிக்கு அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆகவே, பத்துக் கதை எழுதினால் எட்டை வெளியே விடுங்கள். இரண்டைப் போட்டிக்கு என்று தனியே வையுங்கள்.

ஆனால், பதிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் புத்தகமாகப் போட நீங்கள் தயங்கியது இல்லை. செல்போனில் வந்த நாவல் என்றதும் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? சென்னைக்கு வந்து உங்கள் வாசலில் காத்திருக்க வசதி இல்லாத ஒரு பெண், தன் வாசகரைத் தானே தேடிக் கொண்டிருக்கிறாள். அது குறையா? கதை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்!

"பணம் கொடுத்தால் புத்தகம் போட்டுத் தருகிறோம்" என்று சொல்கிறவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். சொந்தச் செலவில் புத்தகம் போடுவது தவறு அல்ல. நாராயணே 1942ஆம் ஆண்டு மைசூரில் சொந்தப் பதிப்பகம் தொடங்கியவர்தான். ஆனால், எத்தனை பிரதி, எங்கே விற்பார்கள், விற்ற பணம் யாருக்கு என்று தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைக்கக் கூடாது. புத்தகக் கட்டுகள் பரணில் ஏறும். வட்டி மட்டும் வாசலுக்கு வரும்!

வீட்டில் உள்ளவர்களுக்கு

"ஏங் கண்ணு, ராத்திரி பூரா போனையே நோண்டிக்கிட்டு இருக்கியே, இதுல காசு வருமா?" என்று மாமியார் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடனே காசு வராது. வராமலே போகவும் கூடும். எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்து கொண்டே எழுத வேண்டும்.

ஆனால், காசு ஒன்றுதான் பயனா? கோயில் திருவிழாவில் கும்மி அடிக்கிறோமே, காசுக்காகவா? ஒரு பெண் தன் மனதில் இருப்பதைக் கோர்வையாக எழுதுகிறாள். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் படித்துக் கண் கலங்குகிறார். இது சிறிய காரியம் அல்ல.

ஆகவே, வீட்டில் ஒருவர் எழுதினால் கேலி செய்யாதீர்கள். அவர் எழுதியதை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நன்றாக இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

எழுதுகிறவர்களே! புத்தகம் வரும் நாளுக்காகக் காத்துக் கொண்டு கதையைப் பூட்டி வைக்காதீர்கள். எழுதுங்கள். வெளியிடுங்கள். குறை சொன்னால் திருத்துங்கள். படிக்காமல் மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கதை ஊரெல்லாம் போய் வரட்டும். பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்!