வெள்ளிக் காசுக்கு ஒரு தம்பிக் காசு வேண்டும்

கங்கை வரை படை அனுப்பி வென்றதை ராஜேந்திர சோழன் பல இடங்களில் பதிந்து வைத்தான். புதுத் தலைநகருக்குக் கங்கைகொண்ட சோழபுரம் என்று பெயர் சூட்டினான். சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். நீராலான வெற்றித்தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அதோடு விடவில்லை. புலியும் வில்லும் கயலும் பொறித்த காசில் ‘கங்கைகொண்ட சோழ’ என்ற பட்டத்தையும் ஏற்றினான். நடந்த நிகழ்ச்சியொன்றைக் காசில் எழுதி வைக்கும் வழக்கத்துக்கு வெளிநாட்டுச் சான்று தேடிப் போக வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டமே போதும்.

2025 ஜூலை 27 அன்று அதே ஊரில், ஆடித் திருவாதிரை விழாவில், ராஜேந்திரன் நினைவு நாணயத்தைப் பிரதமர் வெளியிட்டார். ஆயிரம் ஆண்டு கழித்து அந்தப் பெயர் மறுபடியும் காசில் ஏறியது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அவ்வூர்க் கோயில் வாசலில் பூ விற்பவரும் பக்கத்து மீன்சுருட்டியில் பஸ் ஏறும் பள்ளிப் பிள்ளையும் அதைச் சில்லறையாக வாங்கிப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. இப்போது வரும் நினைவு நாணயங்கள் பெரும்பாலும் பெட்டியில் அடைத்து விற்கப்படுபவை.

பெட்டியில் வருவதற்குக் காரணம் உண்டு. சேகரிப்பவர்கள் ‘புரூஃப்’ என்று சொல்லும் நாணயம் தனி ரகம். அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க முதலில் அடித்த மாதிரிக் காசுகளிலிருந்து வந்த பெயர் அது. அச்சையும் உலோக வில்லையையும் கண்ணாடி போல மெருகேற்றி, ஒரே காசை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிக்கிறார்கள். பின்புலம் முகம் பார்க்கும்படி மின்னும். உருவம் மட்டும் பனி படர்ந்தது போல வெண்மையாக எழுந்து நிற்கும். விரல் பட்டால் ரேகை விழும். குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தால் அந்தப் பளபளப்பு போய்விடும், போனது திரும்பாது. விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். இதற்கென்று கைக்காசைச் செலவழித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சேர்ப்பவர்கள் மதிப்புக்குரியவர்கள். அவர்கள் பேணி வைத்த காசுகள்தான் பல கண்காட்சிகளில் நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன.

குறை சேகரிப்பவர்களிடம் இல்லை. வெள்ளிக் காசோடு கூடவே பிறக்க வேண்டிய சாதாரணக் காசு பிறக்காமல் போவதுதான் குறை.

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-இல் நேரு மறைந்த ஆண்டில் வந்தது. ஒரு ரூபாயிலும் 50 காசிலும் வந்தது. இரண்டும் சந்தையில் புழங்கின. 1969-இல் காந்தி நூற்றாண்டு. அப்போது 10 ரூபாய்க்கு வெள்ளி நாணயம் அடித்தார்கள்: 15 கிராம் எடை, அதில் 80 சதவீதம் வெள்ளி. அதே ஆண்டில் அதே முகம் ஒரு ரூபாயிலும் 50 காசிலும் 20 காசிலும் வந்தது. வெள்ளி வாங்க வசதியுள்ளவர் வெள்ளியில் பார்த்தார். 20 காசு வைத்திருந்தவரும் அதே காந்தியைப் பார்த்தார். நினைவு நாணயம் என்பதற்கு இதைவிடச் சரியான முறை கிடையாது.

தமிழ்நாட்டுக்கும் அந்த நல்ல காலம் வாய்த்தது. 1995-இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் மூன்றிலும் திருவள்ளுவர் அமர்ந்தார். கண்டக்டர் பையிலிருந்து வள்ளுவர் வந்தார். மளிகைக் கடை கல்லாவிலும் இருந்தார். காமராசர் நூற்றாண்டுக்கு 100 ரூபாயோடு ஐந்து ரூபாயும் உண்டு. அண்ணா நூற்றாண்டின் ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 35 கிராமில் ஒரு 1000 ரூபாய் வெள்ளி நாணயம். கூடவே அதே கோயில் பொறித்த ஐந்து ரூபாய். அந்த வெள்ளிக் காசில் 80 சதவீதம், அதாவது 28 கிராம், வெள்ளி. ஐந்து ரூபாயில் வெள்ளியே இல்லை. ஆனால் கோயில் இரண்டிலும் ஒன்றுதான்.

பிறகு இந்த இரட்டைப் பிறப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆண்டு நிறைவின் எண்ணையே முகமதிப்பாக வைக்கும் பழக்கம் பரவியது: 60, 75, 125, 150, 350, 550 ரூபாய் நாணயங்கள். 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்தது 75 ரூபாய்; பாதிதான் வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியான கலைஞர் நூற்றாண்டு நாணயம் 100 ரூபாய். ‘தமிழ் வெல்லும்’ என்ற சொல் தமிழ் எழுத்திலேயே அதில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தொடங்கும் ஒரு குழந்தை காசில் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய சொல் அது. அந்தக் குழந்தையின் கையில் அது ஒரு பத்து ரூபாயாக வந்திருக்க வேண்டும்.

நகைக்கடையில் விற்கும் லட்சுமி உருவக் காசுக்கும் அரசின் நினைவு நாணயத்துக்கும் உள்ள வேறுபாடே முகமதிப்பும் செல்லுபடியும்தான். சவரன் என்று தமிழர் தங்கத்தை நிறுக்கும் சொல்லே ஆங்கிலேயரின் சவரன் நாணயத்திலிருந்து வந்தது, 7.988 கிராம் கொண்ட அந்தத் தங்கக் காசை 1918-இல் பம்பாயிலும் அடித்தார்கள். புழங்கியதால்தான் அது ஒரு மொழியின் எடைச்சொல்லாகவே ஆனது. பெட்டிக்குள் இருந்திருந்தால் அந்தச் சொல் நம் வாயில் ஏறியிருக்காது.

நினைவு நாணயம் புழக்கத்துக்கும் வர வேண்டும் என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. காசில் வடிவங்கள் பெருகினால் மக்கள் சந்தேகப்படுவார்கள் என்பது அது. தமிழ்நாட்டில் பத்து ரூபாய்க் காசைக் கடைகளிலும் பஸ்ஸிலும் வாங்க மறுத்தது எல்லோருக்கும் தெரியும். பத்து ரூபாயின் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைச் சிறியது என்று தள்ள முடியாது. அன்றாடம் சில்லறையில் வியாபாரம் செய்பவருக்குச் செல்லாத காசு நேரடி நட்டம். ஆனால் தவறு வடிவங்களின் எண்ணிக்கையில் இல்லை. புதிய காசு வரும் முன் அதன் படத்தை வங்கிக் கிளையிலும் ரேஷன் கடையிலும் பஸ் டெப்போவிலும் ஒட்டியிருந்தால் வதந்திக்கு இடமிருந்திருக்காது. ஆண்டுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி, ஒரே முகமதிப்பு என்று வரம்பு வைத்தால் குழப்பமும் அடங்கும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா அனுபவித்துவிட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை ஒட்டி அங்கே நினைவு நாணயங்கள் குவிந்தன, சேகரிப்பவர்களே சலித்துப்போனார்கள். கடைசியில் ஆண்டுக்கு இரண்டு நிகழ்ச்சிகளுக்கு மேல் கூடாது என்று சட்டமே போட்டார்கள். அதே நாடு 1986-இல் சுதந்திர தேவி சிலைக்குச் செய்தது மட்டும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது. தங்கத்தில் ஐந்து டாலர், வெள்ளியில் ஒரு டாலர், செம்பு நிக்கலில் அரை டாலர் என்று மூன்று நிலையில் விற்றார்கள். ஒவ்வொன்றின் விலையிலும் முறையே 35, 7, 2 டாலர் கூடுதலாக வைத்து, அந்தப் பணத்தை அந்தச் சிலையின் பராமரிப்புக்கும் எல்லிஸ் தீவுக்கும் கொடுத்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தின் வெள்ளிக் காசை வாங்குபவர், தன் பணத்தில் ஒரு பங்கு அங்கே உள்ள மாளிகைமேட்டு அகழாய்வுக்குப் போகிறது என்று அறிந்தால் மறுக்கவா போகிறார்?

ராஜராஜனின் செப்புக் காசை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீராஜராஜ’. அழகில் புரூஃப் காசுக்குக் கிட்டேயும் வராது. ஆனால் அது தமிழ்நாட்டு மண்ணிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. பின்னால் வந்த பொலன்னறுவை அரசர்கள் தங்கள் காசை அதே அமைப்பில் அடித்துக்கொண்டார்கள். சந்தையில் கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு அது.

2010-இன் பெரிய கோயில் ஐந்து ரூபாய் இன்னும் சில வீட்டு உண்டியல்களில் கிடக்கும். அடுத்த முறை உண்டியலை உடைக்கும்போது பிள்ளைகளைக் கூட உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு காசாகப் புரட்டலாம்.