துபாய்க்காரர் மீது ஏன் இந்தச் சந்தேகம்?

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய வருமான வரிச் சட்டத்தை எளிமையின் இலக்கணம் என்று கொண்டாடுகிறார்கள். 819 பிரிவுகள் 536 ஆகிவிட்டன. இவ்வளவு கழித்தவர்களுக்கு, 2020 பட்ஜெட்டில் செருகிய ஒரு விதியைக் கழிக்க மட்டும் மனம் வரவில்லை.

அதன்படி, இந்தியாவில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள குடிமகன், வேறெந்த நாட்டிலும் வரி கட்டக் கடமைப்படாதவர் என்றால், ஒரு நாள்கூட இங்கே தங்காவிட்டாலும் இங்கு வசிப்பவராகவே கருதப்படுவார். அதே வருமானக்காரர் ஊருக்கு வந்து தங்கும் வரம்பும் 182 நாளிலிருந்து 120 நாளாகச் சுருங்கியது.

வரிக்குத் தப்ப நாடு நாடாகத் தாவும் கோடீஸ்வரர்களுக்கான வலை இது என்றார்கள். பிடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் வருமான வரி இல்லை என்பதற்காகவா நம்மவர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள்? இங்கே பிழைப்பு இல்லை, போனார்கள்.

கீழக்கரைக்காரர் ஒருவருக்கு துபாய் தேராவில் கடை, ஊரில் வாடகைக்கு விட்ட கட்டடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 15 லட்சத்தைத் தாண்டும் அந்த வாடகைக்கு இங்கே வரி கட்டிவிடுகிறார். ஆண்டுதோறும் மூன்று மாதம் ஊரில் இருப்பவர், இந்த ஆண்டு வாப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று நான்கரை மாதம் தங்கிவிட்டார். கொள்முதல், ஆள் சேர்ப்பு எல்லாம் வாட்ஸப்பில் முடிவாகின்றன. அந்தக் கடை இந்தியாவிலிருந்து நிர்வகிக்கப்படும் தொழில் என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றினால் போதும், தேரா லாபத்துக்கும் இங்கே வரி கேட்கலாம். அப்படி இல்லை என்று காட்ட அவர்தான் ஆடிட்டர் வீட்டுக்கு நடக்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பாஸ்போர்ட் முத்திரைகளை எண்ணுவதும் அவர்தான். இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதே என்பார்கள். அதற்கும் அமீரகத்தில் 183 நாள் இருந்ததற்குச் சான்று கொண்டுவர வேண்டும்.

அங்கே வாங்கும் சம்பளத்தைத் தொடமாட்டோம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த உறுதிமொழியே 2020 பிப்ரவரி 1 பட்ஜெட்டைக் கேட்டு வளைகுடா பதறிய பிறகு, மறுநாள் அவசரமாக வந்தது. 15 லட்சம் என்ற வரம்பு அதற்கும் பிறகு ஒட்டப்பட்டது. முதலில் அறிவிப்பு, அப்புறம் யோசனை!

வெளிநாட்டில் பிழைப்பவர்களுக்கு இப்படி நடத்தப்படுவது புதிதல்ல. கொரோனாவில் விமானமின்றி ஊரில் சிக்கியவர்கள் 2020-21 ஆண்டுக்கும் நாள் கணக்கில் விலக்கு கேட்டார்கள். பொது விலக்கு கிடையாது, இரட்டை வரி விழுந்தால் படிவம் நிரப்பி அனுப்புங்கள் என்றது வரித் துறையின் 2021 மார்ச் சுற்றறிக்கை. 2024 ஜூலையில் வீடு, மனை விற்பனைக்கான பணவீக்கச் சலுகையைப் பறித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பழைய சொத்துகளுக்குத் திருப்பித் தந்தார்கள், உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும். வரி கேட்கும்போது ஊர்க்காரர், சலுகை என்றால் வெளிநாட்டுக்காரர்.

வரி ஏய்ப்பவரையும் பிழைக்கப் போனவரையும் பிரித்தறிய ஒரு வழியை, பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி, அடுத்த பட்ஜெட்டுக்குள்ளாவது கண்டுபிடிக்கட்டும். ஆறு ஆண்டு அவகாசம் இருந்தும் இதைச் செய்யாதவர்கள் சட்டத்தை எளிமையாக்கிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றவர்கள்.