ஆசை காட்டியது யார்?

இராயபுரத்தில் கோயில் மணியோசை, திருவொற்றியூரில் தேரோசை, எண்ணூரில் ஆலைச் சங்கோசை! இவை மூன்றும் சேர்ந்ததே வடசென்னை. இங்கே சின்னஞ்சிறு கொட்டகைகளில் கூடிச் செபிக்கும் சுவிசேஷ சபைகளும் உண்டு. துறைமுகத்தில் உழைத்து ஓடானவனும் புகையில் இருமிக் களைத்தவளும் அங்கே சென்று அழுகின்றனர், ஆறுதல் பெறுகின்றனர்.

நாம் பகுத்தறிவு பேசுவோர். செபத்தால் நோய் தீரும் என்றால் மேடையேறி மறுப்போம். ஆனால், அழுகிறவளைப் பார்த்து, "உன்னை எவனோ விலைக்கு வாங்கிவிட்டான்" என்று ஏசமாட்டோம். ஏசுகிறது ஒரு கூட்டம். மனிதனை வாக்காக்கி, வாக்கை இரண்டாகப் பிளக்கும் வித்தை அது!

அந்த வித்தை ஒருமுறை சட்டமாகவே வந்தது. 2002 அக்டோபரில் அ.தி.மு.க. ஆட்சி அவசரச் சட்டம் பிறப்பித்தது. வலுக்கட்டாயமாகவோ, ஆசை காட்டியோ, மோசடியாலோ மதம் மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய் வரை அபராதம். மாறியவர் சிறுவரோ, பெண்ணோ, ஆதிதிராவிடரோ, பழங்குடியினரோ என்றால் 4 ஆண்டு, ஒரு இலட்சம்!

ஏன் இந்தக் கூடுதல்? பாதுகாப்பு என்றனர். பெண்ணையும் ஆதிதிராவிடரையும் குழந்தையோடு ஒரே வரிசையில் நிறுத்துவது பாதுகாப்பா? சொந்தப் புத்தி இல்லாதவர் என்று முத்திரை குத்துவதல்லவா?

போகட்டும். ஆசை காட்டுவது குற்றமாம்! நாம் கேட்கிறோம்: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை செய்வதென்ன? பட்டியல் சாதி உரிமை இந்துவுக்கு உண்டு. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் நீட்டினர். கிறிஸ்தவரானால் கிடையாது. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை, அரசு வழங்கிய இலவசப் பெட்டிக்கடையைத் தமக்கும் கேட்டார். கிறிஸ்தவர் என்று மறுத்தனர். உச்சநீதிமன்றம் வரை சென்று 1985இல் தோற்றார். மதம் மாறியதால் கையிலிருந்த ஊசி மாறியதா? உட்கார்ந்த தெரு மாறியதா? "இருந்தால் தருவேன், போனால் பறிப்பேன்" என்பதற்குப் பெயர்தான் என்ன? ஆசை காட்டியது யார்?

2004இல் 39 தொகுதிகளும் கைநழுவிய பின், அந்தச் சட்டத்தை அதே ஆட்சியே திரும்பப் பெற்றது. அறிவு வந்தது, அடி விழுந்த பிறகு வந்தது! நம்மவர் அச்சட்டத்தை இங்கே எதிர்த்தனர். எனினும் 2003 டிசம்பர் வரை டெல்லியில் பாரதிய ஜனதாவோடு ஒரே அணியில் இருந்தனர். அதை மறைத்துப் பயனில்லை.

போதகர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் 1979இல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். பிரசங்க மேடை அரசியல் மேடையாயிற்று. 2016இல் அங்குள்ள வெள்ளையரான சுவிசேஷ சபையாரில் வாக்களித்தோர் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் டிரம்ப் பக்கம் நின்றனர். சபையின் பெயரைச் சொன்னால் கட்சியின் பெயர் தெரியும் நிலை! அந்த வழி இங்கே வேண்டாம். எமக்கே வாக்குக் கேட்டு ஒரு போதகர் பேசினாலும், வேண்டாம் ஐயா என்போம். இன்று எமக்காகப் பிளக்கும் கோடரி நாளை எம்மையும் பிளக்கும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் வீதிக்கு ஓடினர். சிலுவை அணிந்தவரும் ஓடினர், திருநீறு பூசியவரும் ஓடினர். அந்த இரவில் ஒன்றாக ஓடியவர்களையா தேர்தலன்று இரண்டாகப் பிரிப்பது?

மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை வழங்குக என்று 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. நாமும் அதையே கேட்கிறோம். நம்பிக்கையை அவரவர் நெஞ்சுக்கு விடுக! சூசைக்கு மறுத்ததைச் சூசையின் மக்களுக்கேனும் தருக!