மீன் தொட்டிக்குக் கம்ப்யூட்டர் காவலாளியாக இருந்தால் போதும்

மூன்று மீன் தொட்டிகளை இணைத்து ஒரே தண்ணீரைச் சுற்ற விட வேண்டும், அதை ஆர்டுயினோ போர்டு கட்டுப்படுத்த வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர் பலருக்கும் வருகிற ஆசை இது. ஆசையில் தவறில்லை. ஆனால் தொட்டிக்கு ஒரு சென்சார், ஒரு ரிலே, ஒரு பம்ப் என்று போட்டு, நீர்மட்டத்தைப் புரோகிராம் பார்த்துக்கொள்ளும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்களைப் பாருங்கள். மேல் கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக வழிந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். மட்டத்தைத் தீர்மானிப்பது கலிங்கின் உயரம் மட்டுமே. மீன் தொட்டிக்குக் கலிங்கு, கண்ணாடியில் துளையிட்டுப் பொருத்தும் வழிவுக் குழாய். (டெம்பர்ட் கண்ணாடியில் துளை போடாதீர்கள், தொட்டியே நொறுங்கிவிடும்.) முதல் தொட்டி உயரத்தில், அடுத்தது சற்றுக் கீழே, மூன்றாவது அதற்கும் கீழே, கடைசியில் தரையில் ஒரு சம்ப். சம்பிலிருந்து முதல் தொட்டிக்கு ஒரே ஒரு பம்ப். துளை போடப் பயந்து தொட்டிகளை சைபன் குழாயால் இணைப்பவர்கள் உண்டு. அதில் காற்றுக் குமிழ் சேர்ந்தால் ஓட்டம் நின்று, மேல் தொட்டி தரையில் வழியும்.

நம் ஊர்க் குமிழித் தூம்பில் நீரோடித் துளை மேலே, சேறோடித் துளை அடியில். வழிவுக் குழாயோ மேல்நீரை மட்டுமே எடுக்கும், கழிவு அடியில் தங்கிவிடும். அதைச் சுற்றி, அடியில் வெட்டு விட்ட பெரிய பிவிசி குழாய் ஒன்றை உறை போல மாட்டினால், மட்டம் மாறாமல் அடிநீர் வெளியேறும்.

கம்ப்யூட்டருக்கு முதல் வேலை இங்கேதான், அதுவும் எக்செல்லில். கரண்ட் போனால் எவ்வளவு தண்ணீர் சம்புக்கு இறங்கும்? தொட்டி 90 x 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தின்போது குழாய் விளிம்புக்கு மேல் 2 செ.மீ. தண்ணீர் நின்றால் தொட்டிக்கு 5.4 லிட்டர், மூன்றுக்கும் 16.2 லிட்டர். பம்ப் குழாயின் வாய் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே மூழ்கியிருந்தால், சைபன் ஆகி இன்னும் 13.5 லிட்டர் இறங்கும். மொத்தம் 29.7 லிட்டர். 60 x 30 செ.மீ. சம்பில் இது 16.5 செ.மீ. உயரம். அந்த இடம் காலியாக இல்லையென்றால் வீடு நனையும். பம்ப் குழாயில் விளிம்பு மட்டத்தில் ஒரு சிறு துளை போட்டால், காற்று புகுந்து சைபன் முறியும். அப்போது 9 செ.மீ. போதும். துளையைப் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவழி வால்வை நம்ப வேண்டாம், ஒரு குப்பை சிக்கினாலும் அது மூடாது.

கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கம்ப்யூட்டருக்கு வாங்கிய யுபிஎஸ் அதற்குத் தாங்காது. பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி ஏர் பம்ப், தொட்டிக்கு ஒன்றாக இருந்தால் மீனுக்கு மூச்சு கிடைக்கும். ஆடம்பர எல்இடி கன்ட்ரோலருக்கு முன்னால் வாங்க வேண்டியது இதைத்தான்.

அப்படியானால் ஆர்டுயினோ வேண்டாமா? வேண்டும், காவலாளியாக. இந்த அமைப்பில் ஆவியாதல் தொட்டிகளில் தெரியாது, சம்பில்தான் மட்டம் குறையும். எங்கள் ஊர்க் கோடையில் அது வேகமாகவே குறையும். சம்பில் ஒரு மிதவை சுவிட்ச், குறைந்தால் பஸ்ஸர், மேலும் குறைந்தால் பம்ப் வறண்டு ஓடாமல் ரிலே நிறுத்தட்டும். வெப்பநிலையைப் பதிவு செய்யட்டும். தண்ணீரை நிரப்பும் வால்வை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். புரோகிராம் ஹேங் ஆகி வால்வு திறந்தே நின்றால், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் எல்லாத் தொட்டிக்கும் போய்விடும்.

இன்னொன்று. தண்ணீர் ஒன்றானால் நோயும் ஒன்றுதான். ஒரு மீனில் வெண்புள்ளி வந்தால் மூன்று தொட்டிக்கும் பரவும். புதிதாக வாங்கும் மீனை விட, குழாய் இணைப்பே இல்லாத நான்காவது தொட்டி ஒன்று தனியாக இருக்கட்டும். அதற்குத் தனி வலை, தனி வாளி.